வருஷவாரியாக இருபத்தொரு பெட்டி

ஜூலை 22, திங்கள்

காலை பத்து மணிக்கு பெங்களூரிலிருந்து நித்யா போன் செய்தாள். மகள் பேசினால் முதலில் சாப்பாடு, அப்புறம் பிரஷர் மாத்திரை, அதற்குப் பிறகுதான் விஷயம் வரும். இன்று விஷயம் முதலில் வந்தது.

"அப்பா, அம்மாவோட புக்ஸை எல்லாம் பெட்டி கட்டி தஞ்சாவூருக்கு அனுப்பச் சொன்னாங்க."

"எதுக்கு? வரும்போது வேணுங்கறதை எடுத்துட்டுப் போகட்டுமே."

"வேணுங்கறதை இல்லப்பா. எல்லாத்தையும்."

எல்லாம் என்றால் ஆயிரத்துக்குக் குறையாது. ஹாலில் ஒரு சுவர் முழுக்க அவள் புத்தகம்தான். ஒரு மாறுதலுக்குப் போனவளுக்கு ஆயிரம் புத்தகம் எதற்கு என்று கேட்க நினைத்தேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தமயந்தி போன மே மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாள். இத்தனை வருஷம் டீச்சர் வேலை பார்த்த அலுப்பு இருக்காதா? ஜூன் கடைசியில் இரண்டு சூட்கேஸோடு தஞ்சாவூர் போனாள். கூட வேலை பார்த்த ரெஜினா டீச்சர் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன். தஞ்சாவூர்த் தண்ணீர் முழங்கால் வலிக்கு நல்லது என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மதியம் மெஸ் சாப்பாடு. ரசத்தில் உப்பில்லை.

ஜூலை 23, செவ்வாய்

டி.வி. வாங்கிய அட்டைப்பெட்டி பரண் மேல் இருந்தது. அதை இறக்கி மேல் தட்டுப் புத்தகங்களை அடுக்கினேன். தொண்ணூறு புத்தகம் பிடித்தது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு தூக்கினால் பெட்டி கையில் வந்தது, அடி தரையிலேயே நின்றுவிட்டது. ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் என் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. வலித்த காலைப் பிடிப்பதற்கு முன்னால் புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நான் மிதிக்கவில்லை, அதுவாகத்தான் வந்து விழுந்தது. பழக்கம், என்ன செய்வது.

தெருமுனை அன்வர் பாய் கடைக்குப் போய்ப் பெட்டி கேட்டேன்.

"என்ன சார் வைக்கப் போறீங்க?"

"புத்தகம்."

"புத்தகமா? நம்ம பிஸ்கட் பெட்டி தாங்காது சார். சோப்புப் பெட்டி தாங்கும், ஆனா வாடை ஏறிரும். பாரம் தாங்கணும்னா பாட்டில் பெட்டிதான். அதுக்கு நீங்க ஒயின்ஷாப்புக்குத்தான் போகணும். என்னைய அனுப்பாதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். டீச்சர் எப்ப வருவாங்க என்றும் கேட்டார். வருவாள் என்றேன். புத்தகம் இங்கே இருக்கும்வரை அவள் வரத்தான் வேண்டும். அதனால் நான் அவசரப்படப் போவதில்லை.

ஜூலை 25, வியாழன்

அறுபத்து நாலு வயதில் முதல்முறையாக ஒயின்ஷாப் வாசலில் நின்றேன். காலிப் பெட்டிதான் வேண்டும் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஒருவர், "வெட்கப்படாதீங்க பெரியவரே, எங்கிட்டக் குடுங்க, நான் வாங்கித் தர்றேன்" என்றார். கடைசியில் கடைக்காரர் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். இருபத்திரண்டு பெட்டி, ஒரு ஆட்டோ.

நல்ல கனமான அட்டை, கையில் தூக்குகிற அளவு. ஒன்றில் ஐம்பது புத்தகம் அடங்கும். சுத்தபத்தமாக இருக்கிற தமயந்தியின் புத்தகங்கள் பிராந்திப் பெட்டியில் போகப்போவதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். சிரித்த சத்தம் எனக்கே வித்தியாசமாக இருந்தது. வீட்டில் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

இடுப்பு. இன்று கட்டவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

ஆறு பெட்டி கட்டி முடித்திருந்தேன். உயரமானது ஒரு பெட்டி, குட்டையானது ஒரு பெட்டி என்று அளவுவாரியாக. முதுகு கீழே, வாய் மேலே. இடைவெளியில் கசக்கிய பேப்பர். ராமபாணப் பூச்சிக்கு ஒவ்வொரு மூலையிலும் வசம்புத் துண்டு. போட்டோ எடுத்து நித்யாவுக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போன்.

"அப்பா, அம்மா வருஷவாரியாக் கட்டச் சொல்றாங்க."

"எந்தப் புத்தகம் எந்த வருஷம் வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் பக்கத்துல எழுதியிருப்பாங்களாம். பேரும் தேதியும். நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. அவள் புத்தகத்தை நான் எதற்குத் திறக்கப் போகிறேன்? நான் படித்ததெல்லாம் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம். சர்வே நம்பர், நான்கெல்லை, எழுதிக் கொடுப்பவர் பெயர், வாங்குபவர் பெயர். பெயரில் ஒரு இனிஷியல் மாறியிருந்தால் போதும், இந்த மாசிலாமணி கண்ணிலிருந்து தப்பாது. 'சு'வும் 'க'வும் குழம்பிய பத்திரத்தை எல்லாம் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கல்யாணக் கடனுக்கு நிலம் விற்க வந்தவர் அழுதார். போய்ப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன்.

ஆறு பெட்டியையும் பிரித்தேன். டேப்பைக் கிழிக்கிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜூலை 31, புதன்

நாலு நாளாக இதே வேலை. தரையில் பாய் விரித்து, ஒவ்வொன்றாகத் திறந்து, தேதி பார்த்து, வருஷத்துக்கு ஒரு அடுக்கு. முதல் பக்கத்தில் வலது பக்க மூலையில் மூன்று வரி: பெயர், தேதி, வாங்கிய ஊர். 1979-ல் ஆரம்பிக்கிறது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. 'வெ. தமயந்தி' என்று குண்டு குண்டாக எழுதியிருக்கிறாள். வெ. என்பது வெள்ளைச்சாமி, என் மாமனார். எட்டு வருஷம் அந்த 'வெ.' தொடர்கிறது. எழுத்து மெலிகிறது, சாய்கிறது, பெரிய மனுஷி எழுத்தாகிறது. எனக்குத் தெரியாத தமயந்தி. மூன்று பெட்டி பிடித்தாள்.

பிறகு 1987. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோராம் நாள், மதுரையில் வாங்கிய புத்தகம். 'மா. தமயந்தி'. மா. என்பது நான்.

அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனோம். வழியில் ஒரு புத்தகக் கடையில் அரை மணி நேரம் என்னை வாசலில் நிறுத்திவிட்டாள். எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து இதை எழுதியிருக்கிறாள். 'மா' மட்டும் கொஞ்சம் பெரியது, எழுதிப் பழகாத எழுத்து என்று தெரிகிறது. ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது, யாரும் இல்லை.

பெட்டிகளின் மேல் மார்க்கரால் எழுத ஆரம்பித்தேன். மா. தமயந்தி, பெட்டி எண் 1. மா. தமயந்தி, பெட்டி எண் 2. இருபத்தொன்று வரும் என்று கணக்குப் போட்டு எல்லாவற்றிலும் இன்றே எழுதி முடித்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நாலாம் எண் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். 1987 அதில்தான் இருக்கிறது. ஒன்று குறைந்தால் அவளே தேடிக்கொண்டு வருவாள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பக்கத்து வீட்டு ஜெயக்கொடி எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஹாலை எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, பெட்டியா அடுக்கி வச்சிருக்கீங்க? ஆடியில போயி வீடு மாத்துறீங்களா?"

"வெள்ளையடிக்கப் போறோம். அதான் ஒதுங்க வைக்கிறேன்."

"மதினி வந்தப்புறம் அடிக்கலாம்ல? கலரு அவுக சொல்ல வேணாமா?"

"அவளுக்கு நீலம்தான் பிடிக்கும்."

"நீலமா? மதினி பச்சைன்னுல்ல சொல்லுவாக."

பாத்திரத்தைப் பிறகு தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

மாலையில் நித்யாவிடம், ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் அனுப்புகிறேன் என்றேன். "நீங்க எப்பப்பா இதெல்லாம் பாக்க ஆரம்பிச்சீங்க?" என்றாள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

பதினேழு பெட்டி முடிந்தது. பதினெட்டாவது பெட்டிக்கு எடுத்த புத்தகத்தில் பெயர் வெறும் 'தமயந்தி' என்று இருந்தது. அவசரத்தில் இனிஷியல் விட்டுப்போயிருக்கும்.

அடுத்ததிலும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மீதி இருந்தது நூற்று எண்பத்தாறு புத்தகம். அத்தனையையும் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட இல்லை. வெ.யும் இல்லை, மா.வும் இல்லை. தமயந்தி, தேதி, ஊர். நிதானமாக எழுதிய எழுத்து. நூற்று எண்பத்தாறு தடவை யாருக்கும் அவசரம் வராது.

பதினோரு வருஷம். இதே ஹாலில், இதே சுவரில், நான் டி.வி. பார்க்கும் நாற்காலிக்கு எதிரில் இருந்திருக்கிறது. ஊரார் இனிஷியலை எல்லாம் பார்த்த ஆள் நான்.

சாப்பிடப் போகவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆபீஸில் ஒரு சொத்துக்கு வில்லங்கம் பார்ப்போம். எந்தத் தேதிவரை சுத்தம், எந்தத் தேதியில் சிக்கல் விழுந்தது என்று வருஷவருஷமாகப் பின்னால் போக வேண்டும். அப்படியே பார்த்தேன். 'மா.' போட்ட கடைசிப் புத்தகம் 14.4.2013, திண்டுக்கல். இனிஷியல் இல்லாத முதல் புத்தகம் 9.6.2013, மதுரை. இடையில் எட்டு வாரம்.

நான் வேலையில் சேர்ந்த வருஷத்திலிருந்து டைரி எழுதுகிறேன். ஒன்றையும் தூக்கிப் போட்டதில்லை. 2013-ஐ எடுத்தேன். உள்ளதை உள்ளபடி இங்கே பதிகிறேன்.

ஏப்ரல் 22: 'தலைமை ஆசிரியை பதவி உயர்வுப் பட்டியலில் தமயந்தி பெயர். நாகப்பட்டினம் பக்கம்தான் கிடைக்கும் என்கிறார்கள். போகிறேன் என்கிறாள். நித்யா பிளஸ் டூ வரப் போகிறாள். வீட்டை யார் பார்ப்பது? யோசிக்காமல் பேசுகிறாள்.'

மே 6: 'உரிமை விடல் கடிதம் எழுதி, தெரிந்தவர் மூலம் கொடுத்தாயிற்று. விஷயம் முடிந்தது. மதியம் வெண்டைக்காய் மோர்க்குழம்பு. அருமை.'

ஜூன் 7: 'பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததிலிருந்து தமயந்தி பேசவில்லை. தலைவலியாம்.'

ஜூன் 9: 'தமயந்தி தனியாக மதுரை போய் வந்தாள்.'

அவ்வளவுதான். ஜூன் 10-ல் கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, சனி

மழை தூறியது. மாடியில் காயப்போட்ட வேட்டியை எடுக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எழுதிவிடுகிறேன். 'எழுதி' என்று மே 6-ல் போட்டிருக்கிறேனே, யார் எழுதியது என்று போடவில்லை. நான் எழுதினேன். பதவி உயர்வு எனக்கு வேண்டாம், என் உரிமையை நானே மனமுவந்து விட்டுத் தருகிறேன் என்று அவள் சொல்வது போல எழுதினேன். கீழே 'மா. தமயந்தி' என்று அவள் கையெழுத்தைப் போட்டேன். ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் என்று இருபத்தாறு வருஷமாகப் பார்த்த கையெழுத்து, போடுவது கஷ்டமாக இல்லை. மற்றவர்கள் செய்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். அப்படி இரண்டு பேரை மாட்டிவிட்டும் இருக்கிறேன். ஆனால் இது வீட்டு விஷயம், புருஷன் போடுவது போர்ஜரி ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கக்கூட இல்லை, அதுதான் உண்மை. மோர்க்குழம்பு அருமை என்று எழுதியிருக்கிறேனே.

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கடிதத்தைக் காட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் எனக்குச் சமைத்தாள், மாத்திரை எடுத்து வைத்தாள், ஓய்வு பெறும்வரை அதே டீச்சர் வேலைக்குப் போனாள். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து நாலாம் எண் பெட்டியை இழுத்து மற்றதோடு சேர்த்தேன். இருபத்தொரு பெட்டியிலும் நான் எழுதி வைத்த 'மா.'வை அழிக்கப் பார்த்தேன். மார்க்கர் மை அட்டையில் ஊறிவிட்டது, தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் அட்டைதான் உரிகிறது. வெள்ளைத் தாளைச் சதுரமாக வெட்டி ஒவ்வொன்றின் மேலும் பசை தடவி ஒட்டினேன். நாலு முதல் பதினேழு வரை அந்த எழுத்தை விட்டுவைக்கலாமா என்று யோசித்தேன். உள்ளே அவளே எழுதியதுதானே. இல்லை, வெளியே எழுதியது நான். எல்லாவற்றிலும் ஒட்டினேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்கள். பதினொரு மணிக்கு நானே தமயந்திக்குப் போன் செய்தேன். அவள் போனதிலிருந்து இதுதான் முதல் தடவை. இதுவரை எல்லாம் நித்யா வழியாகத்தான்.

"சொல்லுங்க."

"பெட்டி கட்டியாச்சு. இருபத்தொண்ணு. வருஷவாரியா."

"நித்யா சொன்னா. இடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. தமயந்தி, பதிமூணாம் வருஷம் அந்தக் கடுதாசியில கையெழுத்துப் போட்டது நான்தான்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"தெரியும்" என்றாள்.

"உனக்குத் தெரியும்னு தெரியுது. நான் சொல்லலையே, அதான் சொல்றேன்."

"அந்த 'மா'வை நீங்க ரொம்ப அழகாப் போட்டிருந்தீங்க. எனக்குக்கூட அவ்வளவு அழகா வராது. அதைப் பாத்ததுக்கப்புறம் எனக்கு அந்த எழுத்து எழுத வரலை."

"தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிரு."

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எத்தனையோ 'சரிங்க'வை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். இது எந்தச் 'சரிங்க' என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. வேறொன்று கேட்டேன்.

"பெட்டியோட நானும் வரட்டுமா? அத்தனையையும் எடுத்து அடுக்கணும்ல, ஒரு ஆள் வேணும்."

"வேண்டாங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை, இருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெட்டி மட்டும் வரட்டும்."

மிட்டாய் வாயிலேயே இருந்தது. ஆரஞ்சு.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. இனிமேல் சாக்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

மினி வேன் எட்டரைக்கு வந்தது. டிரைவரும் நானுமாக ஏற்றினோம். ஜெயக்கொடி வாசலுக்கு வந்து பார்த்தாள். வெள்ளையடிக்கிற பெட்டி வேனில் ஏறுகிறதே என்று கேட்பாள் என்று இருந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல், "பாத்துப் போயிட்டு வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். நானாகவே சொன்னேன்: "தமயந்தி தஞ்சாவூர்லயே இருக்கப் போறாம்மா." தலையாட்டினாள். வெளியே ஒருவரிடம் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பார்சல் ஆபீஸில் இளவயதுக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டிகளை எண்ணிவிட்டு, பெறுபவர் பெயர் கேட்டார்.

"தமயந்தி."

"இனிஷியல்?"

"இல்லை."

"இனிஷியல் இல்லாமயா சார்?"

"அவங்க போடறதில்லை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

முப்பத்து நாலு வருஷம் நான் கேட்ட கேள்வி. சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறவர்களிடம் தலை நிமிராமல் கேட்பேன். மாமா, மச்சான், சின்னம்மா என்று டக்கென்று பதில் வரும், அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அந்தக் கேள்விக்குள் 'வேணும்' என்று ஒரு சொல் இருப்பது இன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்பதாக நினைத்து ஒரு நிமிஷம் முழித்துக்கொண்டு நின்றேன்.

"சார்?"

"சம்சாரம்" என்றேன்.

அவர் அதை எங்கேயும் எழுதவில்லை. சும்மா கேட்டிருக்கிறார். ஸ்டிக்கர்கள் வரிசையாக வெளியே வந்தன. ஒவ்வொன்றிலும் தமயந்தி, தஞ்சாவூர். பெட்டிக்கு ஒன்றாக ஒட்டினார்.

"இனிஷியல் இல்லாம சரியாப் போய்ச் சேந்துருமா தம்பி?"

"போன் நம்பர் இருக்குல்ல சார், அது போதும். பேரெல்லாம் யாருக்கு வேணும்?"

எனக்கு வேணும் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. பின்னால் ஒருவர் சைக்கிள் டயர் பார்சலோடு நின்றுகொண்டிருந்தார். நகர்ந்து அவருக்கு வழிவிட்டேன்.